விளக்குக்கு வேண்டாத பிசின்: தீவுக்கரைப் புன்னையும் அதன் எண்ணெயும்

புன்னை எண்ணெயை முதல்முறை பார்க்கிறவர்கள் அது கெட்டுப்போன எண்ணெய் என்றே நினைப்பார்கள். நிறம் கரும்பச்சை. விரலில் தொட்டால் ஓடாது, இழுபடும். நெடியும் கொஞ்சம் கனமானது. பிடிக்காதவர்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது. மார்கழிக் குளிரில் பாட்டிலுக்குள் பாதி உறைந்துபோய் நிற்கும். இதே எண்ணெய்தான் ‘தமனு’ என்ற தாஹித்திப் பெயரோடு சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைபட்டு, பரு வடு மறையும், தழும்பு மங்கும், சுருக்கம் போகும் என்ற வாக்குறுதிகளுடன் இணையத்தில் நல்ல விலைக்குப் போகிறது. நம்மூர் நாட்டுமருந்துக் கடையில் புன்னை எண்ணெய் என்று கேட்டால் மூட்டுவலிக்கா என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுப்பார்கள்.

மரம் ஒன்றுதான். தாவரவியலில் கலோஃபில்லம் இனோஃபில்லம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் இது. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்துப் புன்னையும் இதுதான். புன்னையின் பூவையும் நிழலையும் பற்றி நம் ஆட்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். அதன் கொட்டையை உடைத்துப் பார்த்து எழுதியவர்கள் குறைவு. அந்த வேலையை நூற்றாண்டுக் கணக்கில் விடாமல் செய்தவர்கள் பசிபிக் தீவுக்காரர்கள். அதனால் இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவர்கள் கரையில்தான் நடக்கும்.

புன்னை எப்படி இத்தனை கரைகளில் இருக்கிறது என்பதற்கு விடை காயிலேயே இருக்கிறது. கோலிக்குண்டைவிடப் பெரிய உருண்டைக் காய். பச்சையாக இருந்து மஞ்சளாகி, பிறகு பழுப்பேறித் தோல் சுருங்கும். மெல்லிய சதைக்குள் கெட்டியான ஓடு, ஓட்டுக்கு உட்புறம் தக்கை போன்ற ஒரு மென்படலம், அதற்குள் பருப்பு. அந்தத் தக்கையும் காற்றும் சேர்ந்து காயை மிதக்க வைக்கின்றன. உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் உள்ளே இருக்கும் பருப்பு சீக்கிரம் செத்துப்போவதில்லை. அலை ஒதுக்கிய இடத்தில், மணலும் உப்புக்காற்றுமாக வேறு மரம் தயங்குகிற இடத்தில், இது வேர் பிடிக்கும். கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், சீஷெல்ஸ், இந்தியக் கரைகள், இலங்கை, மலேயா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியாவின் வடகரை, அப்புறம் பசிபிக் தீவுகள் என்று இதன் பரப்பு நீள்கிறது.

ஆனால் ஹவாய் வரைக்கும் அலை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. பாலினேசியர்கள் புதிய தீவுகளைத் தேடிப் புறப்பட்டபோது தோணியில் ஏற்றிய செடிகளில் இதுவும் ஒன்று. சாப்பிடுவதற்கு ஒன்றுமே தராத ஒரு மரத்தின் கொட்டைக்கு, இடம் நெருக்கடியான தோணியில், பலா இனத்தைச் சேர்ந்த ஈரப்பலாவுக்கும் சேம்புக்கும் பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். ஹவாயில் கமானி, சமோவாவில் ஃபெட்டாவ், ஃபிஜியில் டிலோ, கிரிபாட்டியில் இட்டாய், தாஹித்தியில் தமனு அல்லது ஆத்தி. இந்தோனேசியாவில் ஞாம்ப்லுங், சிங்களத்தில் தொம்ப, சீஷெல்ஸில் தக்கமாக்கா.

முதல் பயன் மரக்கட்டைதான். புன்னைக் கட்டையின் நார்கள் நேராக ஓடுவதில்லை. ஒரு அடுக்கு இப்படிச் சாய்ந்தால் அடுத்த அடுக்கு அப்படிச் சாயும். தச்சருக்கு இது தலைவலி, இழைக்கும்போது உளி சறுக்கும். படகு கட்டுகிறவருக்கு இதுவே வரம், ஏனென்றால் அப்படிப்பட்ட கட்டை அலை மோதினாலும் சுலபத்தில் பிளக்காது. பெரிய மரங்களே அரிதான துவாலு, கிரிபாட்டி போன்ற பவளத் தீவுகளில் தோணிக்குப் புன்னையை விட்டால் வேறு நல்ல கட்டை அதிகம் கிடையாது. புன்னை மெதுவாக வளர்கிற மரம் வேறு. தாத்தா நட்டதைப் பேரன் வெட்டித் தோணி செய்வான். ஹவாயில் கமானிக் கட்டையைக் குடைந்து உணவு வைக்கும் மரக் கிண்ணங்கள் செய்தார்கள். நறுமணப் பூவைக் கொண்டு மரப்பட்டைத் துணிக்கு வாசனை ஏற்றினார்கள். தாஹித்தியிலும் சுற்றுத் தீவுகளிலும் மராயே எனப்படும் கல் மேடைக் கோயில்களைச் சுற்றி இந்த மரத்தை நட்டு, அதைப் புனித மரமாக வைத்திருந்தார்கள். மயிலாப்பூருக்கும் மராயேக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் கடலோரத்தில் இவ்வளவு அடர்த்தியான நிழலும் வெள்ளைப் பூவும் தருகிற மரத்தைக் கோயிலோடு சேர்த்துக்கொள்ள இரண்டு கரைக்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

சரி, பருப்புக்கு வருவோம்.

புதிதாக விழுந்த காயை உடைத்தால் உள்ளே வெளிர் மஞ்சள் நிறத்தில் உருண்டையான பருப்பு இருக்கும். நகத்தால் கீறினால் ஈரமாக இருக்கும், பிசுபிசுக்காது. அதை அப்படியே இடித்துப் பிழிந்தால் எண்ணெய் என்று சொல்லத்தக்க எதுவும் வராது. முதல்முறை முயல்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். பருப்பை எடுத்து, மழை படாமல், காற்றோட்டமான இடத்தில் பரப்பி, ஒன்று முதல் இரண்டு மாதம் வரை காய வைக்க வேண்டும். நாள் போகப்போக வெளிர் மஞ்சள் பழுப்பாகும், பிறகு சாக்லேட் நிறமாகும். பருப்பு சுருங்கும். ஒருநாள் எடுத்துப் பார்த்தால் விரலில் ஒட்டும். மேல்புறம் எண்ணெய் பூத்திருக்கும். நெடியும் அப்போதுதான் தொடங்கும். நன்றாகக் காய்ந்த பருப்பில் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கிறது. நிலக்கடலையில் கிடைப்பதைவிட இது அதிகம்.

அவசரப்பட்டு நெருப்பில் வாட்டினாலோ, ஈரத்தோடு மூடி வைத்துப் பூஞ்சை பிடிக்க விட்டாலோ எண்ணெயின் அளவும் தரமும் கெடும். தீவுகளில் பருப்பை வெயிலில் காட்டுவது, இரவில் உள்ளே எடுப்பது, மழை மேகம் கண்டால் ஓடிப்போய் மூடுவது என்று நம் வீட்டு வற்றல் வடகத்துக்குக் கொடுக்கும் கவனிப்பை அப்படியே கொடுப்பார்கள். காய்ந்த பிறகு பழைய முறையில் இடித்து, வெயிலிலோ இளஞ்சூட்டிலோ வைத்து, நாரில் கட்டி முறுக்கிப் பிழிவார்கள். இன்று திருகு செக்கு வந்துவிட்டது. கடைசியில் மிஞ்சுகிற பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கக் கூடாது. பருப்பு நச்சுத்தன்மை உள்ளது. வயலுக்கு எருவாகப் போடலாம்.

இப்படி வருகிற எண்ணெயை ஒரே பொருள் என்று நினைப்பதில்தான் குழப்பம் எல்லாம் தொடங்குகிறது. அது இரண்டு பொருள்களின் கலவை. பெரும்பங்கு சாதாரணக் கொழுப்பு: ஒலீயிக் அமிலம், லினோலியிக் அமிலம் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய முக்கால் பங்கு, மீதி பால்மிட்டிக், ஸ்டியரிக் போன்ற உறையும் கொழுப்புகள். குளிரில் பாட்டில் பாதி உறைவதற்குக் காரணம் இந்தக் கடைசி இரண்டும்தான். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சமையலறையில் இருக்கும் எண்ணெய்களிலும் விகிதம் மாறி இதே அமிலங்கள்தான்.

மீதிப் பங்கு பிசின். எண்ணெயின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்றும் இருக்கும், சில இடத்து எண்ணெயில் அதைவிட மிக அதிகமாகவும் இருக்கும். பச்சை நிறத்துக்கும் நெடிக்கும் பிசுபிசுப்புக்கும் பெரும்பாலும் இந்தப் பிசின்தான் காரணம். இரண்டையும் பிரிப்பது கடினமில்லை. எண்ணெயோடு ஆய்வக எத்தனால் சேர்த்து நன்றாகக் குலுக்கி வைத்தால், சற்று நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரியும். கனமான கொழுப்பு அடியில் தங்கும். மேலே நிற்கும் எத்தனால் பிசினை இழுத்துக்கொண்டு பச்சையும் பழுப்புமாக நிறம் ஏறும். அந்த எத்தனாலை ஆவியாக்கினால் கலத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது கரும்பிசின். புற ஊதா விளக்கைக் காட்டினால் அதிலுள்ள சில பொருள்கள் நீலமாக ஒளிரும். கூமரின் குடும்பச் சேர்மங்களின் அடையாளம் அது.

விளக்கெரிக்கப் புன்னை எண்ணெயைப் பயன்படுத்திய காலம் தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் உண்டு; மண்ணெண்ணெய் வந்து அதை ஒழித்தது. விளக்குக்கு இந்தப் பிசின் தொல்லை. புகையும், திரியில் கரி கட்டும். படகுப் பலகைக்குப் பூசுகிறவருக்கோ பிசின் இருப்பது நல்லது, பலகையில் பற்றிக்கொள்ளும். வைத்தியருக்கு வேண்டியதும் பிசின்தான். ஒரே பாட்டிலில் ஒருவர் கழிவு என்று ஒதுக்குவதை இன்னொருவர் சரக்கு என்று எடுத்துக்கொள்கிறார். இன்றைய தொழில்களிலும் இதே வழக்குதான் நடக்கிறது.

இந்தோனேசியாவைப் பாருங்கள். அங்கே ஞாம்ப்லுங் எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்கப் பல ஆண்டுகளாக முயற்சி நடக்கிறது. சாப்பாட்டு எண்ணெயோடு போட்டி போடாத எண்ணெய், தரிசான கரையில் வளரும் மரம், அதிக விளைச்சல் என்று காகிதத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் செக்கிலிருந்து வருவதை நேரே உலையில் போட முடியாது. முதலில் பிசினை நீக்க வேண்டும். பருப்பு மாதக்கணக்கில் காயும்போது கொழுப்பின் ஒரு பகுதி உடைந்து தனி அமிலமாகிவிடுகிறது. அது பத்து, இருபது சதவீதம் வரைகூடப் போகும். அவ்வளவு அமிலம் இருந்தால் காரம் சேர்க்கும் வழக்கமான முறையில் டீசலுக்குப் பதிலாக சோப்பு வந்து நிற்கும். அதனால் முதலில் அமில வினையூக்கி வைத்து ஒரு சுற்று, பிறகு காரம் வைத்து இன்னொரு சுற்று. செலவு ஏறிவிடுகிறது. நீக்கிய பிசினை மருந்து, அழகுப்பொருள் தொழிலுக்கு விற்றால்தான் கணக்கு ஓரளவுக்கு நேராகும் என்று அங்கே ஆய்வாளர்கள் எழுதுவதில் நியாயம் இருக்கிறது. என் பார்வையில் டீசல்தான் இங்கே துணைப் பொருள். பிசினை முன்னால் வைத்துத் திட்டம் போட்டிருக்க வேண்டும்.

அந்தப் பிசினுக்குள் என்ன இருக்கிறது? முக்கியமானவை கூமரின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கூமரின் என்பது இரண்டு வளையங்கள் ஒட்டிய சின்ன மூலக்கூறு. புதிதாக வெட்டிக் காய்ந்த சில புல் வகைகளின் இனிய மணம் அதுதான். புன்னை அந்த எளிய சட்டத்தை எடுத்து அதன் நான்காம் இடத்தில் ஃபினைல் என்கிற ஆறு கார்பன் வளையம் ஒன்றை மாட்டி, பக்கங்களில் மேலும் வளையங்களைச் சேர்த்துக் கட்டுகிறது. கலோஃபில்லோலைடு, இனோஃபில்லம் என்ற வரிசைச் சேர்மங்கள், கலோஃபில்லிக் அமிலம் எல்லாம் இப்படி வந்தவை. 1950களில் பிரெஞ்சு வேதியியலாளர்கள் கலோஃபில்லோலைடைப் பிரித்து ஆராய்ந்தார்கள். 1980இல் இந்திய ஆய்வாளர்கள் அது விலங்குகளில் வீக்கத்தைக் குறைப்பதாகக் காட்டினார்கள். மூட்டில் புன்னை எண்ணெய் தேய்க்கிற ஃபிஜிக்காரருக்கும், வாத வலிக்கு அதையே தடவுகிற நம் சித்த வைத்தியருக்கும் இது புதிய செய்தி அல்ல. இருந்தாலும் எதனால் என்ற கேள்விக்குக் கைக்குச் சிக்கிய முதல் நல்ல பதில் அது. பட்டையிலும் வேரிலும் கட்டையிலும் சாந்தோன் என்ற இன்னொரு குடும்பச் சேர்மங்கள் நிறைய உண்டு. அவை தனிக் கதை.

கூமரின் என்றதும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி வரும். வார்ஃபரினும் கூமரின் குடும்பம்தானே? ஆமாம், ஆனால் அதில் நான்காம் இடத்தில் இருப்பது ஒரு ஹைட்ராக்சில், புன்னையில் ஃபினைல். கட்டமைப்பு வேறு. அதற்காகக் கவலையே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது: கலோஃபில்லோலைடு விலங்குகளில் இரத்த உறைவைத் தாமதப்படுத்துவதாக 1960களிலேயே இந்தியாவில் ஆய்வு வந்திருக்கிறது. புன்னை எண்ணெய் உள்ளுக்குச் சாப்பிடும் பொருள் இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோலுக்கு வருவோம், விற்பனை எல்லாம் அங்கேதானே நடக்கிறது. 2015இல் பிரெஞ்சு ஆய்வுக் குழு ஒன்று இந்தோனேசியா, தாஹித்தி, ஃபிஜி, நியூ கலிடோனியா ஆகிய இடங்களின் எண்ணெய்களை எடுத்து ஆய்வகத்தில் ஒப்பிட்டது. வளர்த்து வைத்த மனிதத் தோல் செல்களின் படலத்தில் கீறல் போட்டு எண்ணெய் சேர்த்தபோது, கீறல் சீக்கிரம் மூடியது. பருவோடு தொடர்புள்ள பாக்டீரியா உட்படச் சில கிருமிகளின் வளர்ச்சி அடங்கியது. இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, எல்லா எண்ணெயும் ஒரே அளவுக்கு வேலை செய்யவில்லை என்பது. அதே இன மரம், அதே மாதிரிப் பருப்பு. தீவு மாறினால் பிசினின் கலவையும் மாறுகிறது.

ஆய்வகத் தட்டில் கீறல் மூடுவதும் முகத்தில் பழைய வடு மறைவதும் ஒன்றல்ல. மனிதர்கள் மீது ஒழுங்காக, ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்திய பெரிய சோதனைகள் இந்த எண்ணெய்க்கு மிகக் குறைவு. ஆறிக்கொண்டிருக்கும் சிறு காயம், வெடித்த குதிகால், பூச்சிக்கடித் தடிப்பு போன்றவற்றுக்குத் தீவுகளில் இது தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டிருக்கிறது. அந்த அனுபவத்தோடு ஆய்வக முடிவுகள் ஒத்துப்போகின்றன. அதற்கு மேல் குப்பியின் முகப்பில் எழுதியிருப்பதெல்லாம் வியாபாரம். வெயிலுக்குக் களிம்பு மாதிரிக் காப்பாற்றும் என்ற பேச்சும் இப்படித்தான் கிளம்பியது: எண்ணெய் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிறது என்று ஆய்வகத்தில் கண்டார்கள், அதை நம்பி நண்பகல் கடற்கரையில் உட்கார்ந்தால் தோல் கருகும்.

இந்த எண்ணெயை ஊசியிலேயே ஏற்றிய காலமும் ஒன்று இருந்தது. ஃபிஜியைச் சேர்ந்த மாகோகாய் என்ற சின்னத் தீவு 1911 முதல் 1969 வரை தொழுநோயாளிகளின் தீவாக இருந்தது. ஃபிஜியிலிருந்து மட்டுமல்ல, பசிபிக்கின் பல தீவுகளிலிருந்தும் நோயாளிகளை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கத்தோலிக்கக் கன்னியர்கள் செவிலிப் பணி செய்தார்கள். டாப்சோன் மாத்திரை வருவதற்கு முன்பு தொழுநோய்க்கு உலகம் முழுவதும் இருந்த ஒரே பெரிய மருந்து சால்மூக்ரா எண்ணெய். ஊசி போட்டால் உயிர்போகிற வலி. மாகோகாயில் உள்ளூர் டிலோ எண்ணெயைப் பதப்படுத்தி, நோயின் நரம்பு வலிக்குத் தேய்த்தும் ஊசியாகப் போட்டும் பார்த்தார்கள். வலி தணிந்தது என்பதால்தான் அது பிரெஞ்சு மருத்துவர்களின் கவனத்துக்குப் போனது. கிருமியை அது ஒழிக்கவில்லை. அதை ஒழித்தது பின்னால் வந்த மாத்திரைகள்.

புன்னைக் குடும்பத்தின் வேதியியல் உலகச் செய்தியானது இன்னொரு வழியில். 1987இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்காகச் செடி மாதிரிகள் சேகரித்தவர்கள் போர்னியோத் தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்து லுண்டு பக்கம், ஒரு சதுப்புக் காட்டு மரத்தின் இலையையும் சிறு கிளைகளையும் வெட்டி எடுத்துப் போனார்கள். அது புன்னையின் உறவு மரம், கலோஃபில்லம் லனிஜெரம். ஆய்வகத்தில் அந்தச் சாறு எச்.ஐ.வி. பெருகுவதைத் தடுத்தது. 1992இல் அதற்குக் காரணமான சேர்மத்தைப் பிரித்து கலனோலைடு ஏ என்று பெயரிட்டு அறிவித்தார்கள். அதன் அடிச்சட்டம் புன்னையில் இருக்கும் அதே கூமரின்தான்; நான்காம் இடத்தில் ஃபினைலுக்குப் பதிலாக ஒரு சின்ன புரோப்பைல் சங்கிலி.

மேலும் மாதிரி வேண்டும் என்று திரும்பிப் போனால், அந்த மரம் அங்கே இல்லை. வெட்டிவிட்டிருந்தார்கள். சுற்றுப்புறத்தில் பார்வைக்கு அதே மாதிரி இருந்த மரங்களின் சாற்றில் எதிர்பார்த்த வீரியம் கிடைக்கவில்லை. கடைசியில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில், ஆங்கிலேயர் காலத்தில் நட்டு வளர்த்த மரங்களில்தான் அந்தச் சேர்மம் மறுபடி கிடைத்தது. காட்டில் தேடியது நகரத்து நடைபாதையோரம் நின்றிருக்கிறது! இன்னொரு உறவு மரத்தின் பாலிலிருந்து, மரத்தைச் சாய்க்காமலே, கலனோலைடு பி எடுக்க முடிந்தது. சரவாக் அரசு பேரம் பேசியது. 1996இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு சரிபாதிப் பங்கில் கூட்டு நிறுவனம் தொடங்கியது. காட்டிலிருந்து செடியை எடுத்துப்போய் மருந்தாக்கிவிட்டுக் காட்டுக்காரரை மறந்துவிடுகிற வழக்கத்தைப் பார்க்கும்போது, இது அன்றைக்குப் பெரிய விஷயம்.

இதற்கிடையே 1993இல் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நம் புன்னையையே எடுத்துப் பார்த்தார்கள். இனோஃபில்லம் பி (B), அதன் உடன்பிறப்பான இனோஃபில்லம் பி (P) என இரண்டு சேர்மங்கள் எச்.ஐ.வி.யின் ஒரு முக்கிய நொதியைத் தடுத்தன. வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்க உதவும் நொதி அது; அதன் ஓரத்தில் உள்ள ஒரு பள்ளத்தில் இந்த மூலக்கூறுகள் போய் அடைத்துக்கொள்கின்றன. அடைப்பதற்கு வடிவம் அச்சாகப் பொருந்த வேண்டும். கலனோலைடு ஏ-யைச் செயற்கையாகத் தயாரித்தபோது இது தெளிவாகத் தெரிந்தது: வலக்கை, இடக்கை என்று கண்ணாடிப் பிம்பமாக இரண்டு வடிவங்கள் வரும், அதில் மரம் செய்கிற வடிவம் மட்டுமே வேலை செய்தது, மற்றது சும்மா இருந்தது. ஒரே சேர்மத்தின் பிம்பத்துக்கே இவ்வளவு வித்தியாசம் என்றால், மரத்துக்கு மரம் கலவை மாறுவதன் விளைவைச் சொல்லவே வேண்டாம்.

கலனோலைடு ஏ மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை வரை போனது. கடைக்கு வரவில்லை. அதே நொதியை அதே இடத்தில் தடுக்கும் நெவிரப்பின் 1996இலும் எஃபாவிரென்ஸ் 1998இலும் சந்தைக்கு வந்துவிட்டன. புன்னை எண்ணெய் எய்ட்ஸைக் குணமாக்கும் என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால், அது இந்தக் கதையின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிற பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலில் தடவுகிற எண்ணெய்க்கும் இரத்தத்தில் சேர வேண்டிய மருந்துக்கும் சம்பந்தமில்லை.

மரத்தின் நச்சுப் பக்கத்தையும் தீவுக்காரர்கள் அறிந்தே வைத்திருந்தார்கள். பட்டையைக் கீறினால் வடியும் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். இலையையோ காயையோ நசுக்கி நீரில் கலந்து மீனை மயங்கவைத்துப் பிடித்த இடங்கள் உண்டு. அதே இலையை ஊறவைத்த நீரில் புண் கண்ணைக் கழுவிய வழக்கமும் உண்டு. இதை வீட்டில் யாரும் முயல வேண்டாம். எண்ணெயாலேயே ஒவ்வாமை வந்து தோல் தடித்துச் சிவந்தவர்களைப் பற்றித் தோல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போவது நல்லது. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். தண்ணீர் போலத் தெளிந்து, வாசனையே இல்லாமல் ‘சுத்திகரித்த தமனு’ என்று இருந்தால் பிசினில் பெரும்பங்கு போய்விட்டது என்று பொருள். மிஞ்சியது வெறும் கொழுப்பு, அதற்கு அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

மரத்துக்கே வந்த ஆபத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். சீஷெல்ஸ் தீவுகளில் தக்கமாக்கா இல்லாத கடற்கரையை நினைத்துப் பார்க்க முடியாது. மாஹே தீவில் ஒரு கடற்கரைக்கே அந்தப் பெயர்தான். 1990களில் அங்கே மரங்கள் திடீரென்று வாடத் தொடங்கின. உச்சிக் கிளை ஒன்றில் இலை மஞ்சளிக்கும், பிறகு மரம் முழுக்கப் பட்டுப்போகும். பட்டைக்கடியில் துளைக்கும் ஒரு சின்ன வண்டு, லெப்டோகிராஃபியம் கலோஃபில்லி என்ற பூஞ்சையை மரத்துக்கு மரம் சுமந்துகொண்டு போனது. நீர் ஏறும் குழாய்களைப் பூஞ்சை அடைத்துவிடும். மருந்தடித்துத் தீர்க்க முடியாததால் நோய் கண்ட மரத்தை வெட்டி எரித்து, வெட்டிய கட்டையைத் தீவு விட்டுத் தீவு கொண்டுபோகாமல் தடுப்பதுதான் வழியாக இருந்தது. ஒரே வகை மரம் கரை நெடுக வரிசையாக நிற்கும் இடத்தில் நோய்க்கு வேலை சுலபம்.

நம் பக்கம் புன்னைக்கு இன்னும் அப்படி ஒரு கதி வரவில்லை. பூங்காக்களிலும் கோயில்களிலும் கடற்கரைச் சாலைகளிலும் நிழலுக்காக நட்ட மரங்கள் ஆண்டுக்கு இரண்டு முறைகூடக் காய்த்துக் கொட்டுகின்றன. பெரும்பாலான இடங்களில் அந்தக் கொட்டைகள் குப்பையோடு பெருக்கித் தள்ளப்படுகின்றன. பொறுக்கிக் காயவைத்து எண்ணெய் எடுக்கப் பொறுமை இல்லாவிட்டாலும் ஒரு மரம் வளர்க்கலாம். ஓட்டோடு புதைத்தால் முளை வர ஏறத்தாழ எட்டு வாரம் பிடிக்கும். ஓட்டை உடைத்துப் பருப்பை மட்டும் நட்டால் மூன்று வாரம் போதும். உடைக்கும்போது பருப்பில் அடி படக் கூடாது. விரிசல் மட்டும் விழும்படி மரச்சுத்தியால் மெதுவாகத் தட்ட வேண்டும். மணல் கலந்த மண், ஆரம்பத்தில் கொஞ்சம் நிழல், தண்ணீர் தேங்காத இடம் பார்த்து வையுங்கள். காய்க்க ஆண்டுகள் பல ஆகும்.